ஒரு விரற்கடைகூட நகரக் கூடாது

மாமியார் வருகிறார் என்ற செய்தி காலையில் வந்தது. காப்பி ஆறுவதற்குள் ஒலியார் மாபெரும் முடிவொன்றை எடுத்துவிட்டார். வீட்டில் சும்மா கிடக்கும் பின்னறையை அன்றைக்கே ஸ்டூடியோ ஆக்கிவிடுவது.

ஒலியார் என்பது தெரு வைத்த பெயர். பதிவான பாட்டில் குரலையும் வாத்தியங்களையும் கலந்து, எது முன்னால் நிற்கவேண்டும், எது பின்னால் நிற்கவேண்டும் என்று சரிபார்த்துக் கொடுப்பது அவர் தொழில். பெரிய ஸ்டூடியோ ஒன்றில் பல வருஷம் அடுத்தவர் பெயருக்கு உழைத்துவிட்டு, எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று வேலையை உதறிவிட்டு வந்திருந்தார். நல்ல காலம், இசையமைப்பாளர் ஒருவர் தன் நாடகத் தொடரின் பாட்டுகளை நம்பிக் கொடுத்தார். ஒலியார் சாப்பாட்டு மேஜையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், மனைவி ரசத்தை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். ஆகவே அவருக்கு அறை தேவை என்பதும் பொய்யில்லை. தேவை வந்த நாள்தான் சந்தேகத்துக்கு உரியது.

மாமியார் கெட்டவர் இல்லை. அதை ஒலியாரே ஒப்புக்கொள்வார். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வார்டு போய்விட்டது, மேற்பார்வை போகவில்லை. மருமகன் உட்காருவது, நிற்பது, தண்ணீர் குடிப்பது எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு திருத்தம் இருக்கும். இப்போது அவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம். வேலை முடிகிறவரை மகள் வீட்டில் இருப்பாராம். கூரை வேலை எப்போது முடியும் என்று கூரைக்கே தெரியாது.

பின்னறையில் கட்டில் போட ஒரே ஒரு சுவர்தான் தோது. ஒலியார் அந்தச் சுவரையே பிடித்தார். ஒரு மூலையில் ஒரு ஸ்பீக்கர், மறு மூலையில் இன்னொன்று, நடுவில் மேஜை. அலமாரியும் பாயும் பழைய சோபாவும் வெளியே போயின. இனி அந்த அறைக்குள் தலையணைகூட நுழைய முடியாது. வேலையை முடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"ஸ்டூடியோ ஸ்பீக்கர்னா வீட்டு ஸ்பீக்கர் மாதிரி இல்லம்மா. வெச்ச இடத்துலேர்ந்து ஒரு விரற்கடை நகர்ந்தாலும் கேக்கற சத்தமே மாறிடும். இனிமே இந்த ரூம்ல எதுவும் அசையக் கூடாது."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

மனைவி அறை நடுவில் போய் நின்றாள். ஒரே ஒரு தரம் கை தட்டினாள். வெறும் சுவர்களும் டைல்ஸ் தரையும் அந்தத் தட்டலை ஒன்றுக்கொன்று தூக்கிப் போட்டுப் பிடித்து, கிணுகிணுவென்று இழுத்து, பிறகுதான் விட்டன. அவள் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"சரிங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொல்லும் மனைவியைக் கண்டு ஒரு கணவன் பயப்பட வேண்டாமா? ஒலியார் பயப்படவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்து விசிலடித்தார். அதையும் அறை இரண்டு தரம் திருப்பிச் சொன்னது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்பீக்கரை மூலையில் வைக்கக் கூடாது என்பது ஒலியாருக்குத் தெரியாத விஷயம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து சோறு பிசைந்தபடியே மனைவிக்கு அவர் நடத்திவரும் பாடமே அதுதான். மூலை என்பது தாழ்ந்த சத்தமெல்லாம் போய்க் குவிகிற இடம். மூலையில் ஸ்பீக்கரை வைத்தால் மேளம் இரண்டு மடங்காகக் கேட்கும். கேட்கிறவன் ஏமாந்துபோய்ப் பாட்டில் மேளத்தைக் குறைப்பான். வெறும் சுவர் குரலுக்குத் தானே எதிரொலி பூசிவிடும், அவன் பாட்டில் பூசாமல் விடுவான். அறை சொல்கிற பொய்யெல்லாம் பாட்டில் தலைகீழாக ஏறிவிடும். இதெல்லாம் தெரிந்தும் மாமியார் கட்டிலை நினைத்து மூலையில் கொண்டுபோய் வைத்தார். என் காதுக்குத் தெரியாதா, சமாளித்துக்கொள்வேன் என்று ஒரு தைரியம்.

காது சமாளிக்கவில்லை. முதல் பாட்டை அனுப்பினார். இசையமைப்பாளர் ஃபோனில் வந்தார்.

"ஏங்க, மேளக்காரர் அன்னைக்கு வரலையா?"

"வந்தாரே."

"பாட்டுல காணோமே."

திருத்தி அனுப்பினார். இந்தத் தடவை குரல் பொட்டல்காட்டில் தனியாக நின்று பாடுவதுபோல் இருக்கிறது என்று பதில் வந்தது. மேளம் இன்னும் வந்து சேரவில்லையாம். வெள்ளிக்கிழமை தானே நேரில் வந்து கேட்பதாகவும், சரியில்லை என்றால் மன்னிக்க வேண்டும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

ஒலியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்தப் பாட்டுகள் போனால் பழைய ஸ்டூடியோ வாசலில் போய்த் தலை குனிந்து நிற்கவேண்டும். நான் அப்போதே சொன்னேனே என்று சொல்வதற்கு அங்கே ஒரு கூட்டமே காத்திருந்தது.

மாமியாரோ ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தார். கூடவே அவருடைய கட்டில், யானைக்குட்டி கனத்தில் ஒரு பஞ்சு மெத்தை, துணி பிதுங்கும் அலமாரி. அடுத்தவர் மெத்தையில் படுத்தால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளுமாம். எல்லாம் ஹாலை அடைத்துக்கொண்டு கிடந்தன. வெள்ளிக்கிழமை காலை மனைவி வந்து பின்னறை வாசலில் நின்றாள்.

"என்னங்க, இன்னைக்கு அவர் வராரு. ஹால் முழுக்க மூட்டை முடிச்சா இருக்கு. எங்க உக்கார வைப்பீங்க?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"அம்மா சாமானை இன்னைக்கு ஒருநாள் மட்டும் உள்ள போட்டுக்கலாமா?"

"எதுவும் அசையக் கூடாதுன்னு சொன்னேனே."

"சரி, அப்ப அவர் வந்தா மெத்தை மேல உக்காரட்டும்."

ஒலியார் தளர்ந்துபோனார். ஒருநாள்தானே. கட்டில் அதன் சுவருக்குப் போனது. மேஜை எதிர்ப்பக்கமாகத் திரும்பி அறைக்குள் தள்ளி வந்தது. ஸ்பீக்கர் இரண்டும் மூலையை விட்டுக் கிளம்பி, சுவர்களிலிருந்து விலகி மேஜையின் இருபக்கமும் நின்றன. அலமாரிக் கதவு சாத்தமாட்டேன் என்றது. துணியெல்லாம் பிதுங்கி எட்டிப் பார்த்தது. முழங்கால் வலியோடு நிற்க முடியாது என்று மாமியாரும் மெத்தைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். மருமகன் நாற்காலிக்கு நேர் பின்னால், மேற்பார்வைக்கு வசதியான இடத்தில்.

"மாப்பிள்ளை, முதுகு ஏன் கூன் போடுது? நிமிர்ந்து உக்காருங்க."

வேறு வழியில்லாமல் நிமிர்ந்தார். காது ஸ்பீக்கருக்கு நேராக வந்தது. பாட்டைப் போட்டார்.

மேளத்தை உண்மையாகவே காணோம். இத்தனை நாளும் மூலைதான் மேளம் வாசித்துக்கொண்டிருந்தது. குரலும் பொட்டல்காட்டில்தான் நின்றது. இசையமைப்பாளர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. முதல்முறையாக அந்த அறை அவரிடம் உண்மை பேசியது.

ஒலியார் சட்டைக் கையை மடித்துவிட்டார். மேளத்தை ஏற்றினார். குரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்றோட்டம் கொடுத்தார். தொட்டது எல்லாம் தொட்ட இடத்திலேயே நின்றது. பல நாளாகப் பறிகொடுத்திருந்த சந்தோஷம் அவருக்குத் திரும்ப வந்தது. பின்னால் மெத்தை மெல்ல அசைந்தது. மாமியார் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மருமகன் செய்த ஒரு காரியத்தில் அவர் திருத்தம் சொல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

இசையமைப்பாளர் வந்தார். மனைவி அவரை நேராகப் பின்னறைக்கே அழைத்துவந்து, ஒலியாரின் நாற்காலியில் உட்கார வைத்தாள். பாட்டை ஒருமுறை கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாட்டைத் தன் ஃபோனில் ஏற்றிக்கொண்டு வாசலில் நின்ற காருக்குப் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார். ஹால் ஜன்னல் வழியாக ஒலியார் பார்த்துக்கொண்டே நின்றார். காருக்குள் ஒரு தலை ஆடத் தொடங்கியது.

திரும்பி வந்தவர், "இங்க கேட்டதேதாங்க அங்கயும் கேக்குது," என்றார். "மொத்தத் தொடரும் உங்களுக்குத்தான். அடுத்ததும் வெச்சுக்கங்க. ஆனா எப்படிங்க ஒரே வாரத்துல?" அப்போதுதான் அவர் கட்டிலையும் மாமியாரையும் கவனித்தார். "இவங்க..?"

ஒலியார் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"எல்லாம் இவர் ஏற்பாடுதாங்க. மெத்தை, துணி, ஆள், எல்லாம் சத்தத்தை உறிஞ்சுமாம். பாத்துப் பாத்து வெச்சிருக்கார். எங்கம்மாவைக்கூட இவர்தான் இங்க உக்கார வெச்சார்."

இசையமைப்பாளர் ஒலியாரைப் பார்த்த பார்வையில் பக்தியே இருந்தது. இல்லை என்று சொன்னால் மேதை என்ற பட்டம் போய்விடும். ஒலியார் அடக்கமாகத் தலையாட்டினார். இசையமைப்பாளருக்கு ஆசை விடவில்லை. மாமியாரை ஒரு நிமிஷம் வெளியே நிற்கச் சொல்லிப் பாட்டைக் கேட்டார், உள்ளே வரச் சொல்லி மறுபடி கேட்டார். அவங்க இல்லேன்னா கொஞ்சம் கிணுகிணுன்னு இருக்கு என்று தீர்ப்புச் சொன்னார். உண்மையிலேயே அப்படிக் கேட்டதா, மனப்பிரமையா என்று ஒலியாரால்கூடச் சொல்ல முடியவில்லை.

"தொடர் முடியறவரைக்கும் இந்த ரூம்ல எதையும் மாத்திடாதீங்க," என்று கேட்டுக்கொண்டு இசையமைப்பாளர் கிளம்பினார்.

அதன்பிறகு பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நல்லபடியாகவே முடிந்தன. புதிதாக இரண்டு பேர் தேடிவந்தார்கள், அவர்களுக்கும் கட்டிலோடு அறை பிடித்துப்போனது. ஒலியாரின் கூன் நிமிர்ந்தது. சில நாள் மாமியார் குளிக்கப் போயிருந்தால் அவர் வரட்டும் என்று காத்திருந்து வேலையைத் தொடங்கினார். இருந்தாலும் ஆண் மனசு என்று ஒன்று இருக்கிறதே. ஒருநாள் மெல்ல ஆரம்பித்தார்.

"அத்தை வீட்டுக் கூரை வேலை முடிஞ்சிருக்குமே?"

"அது எப்பவோ முடிஞ்சுது."

"அப்போ அத்தை..?"

"நீங்கதானே சொன்னீங்க, ரூம்ல எதுவும் ஒரு விரற்கடைகூட நகரக் கூடாதுன்னு."

நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்தபோது, அந்தத் தவளை தான்தான் என்று ஒலியாருக்குத் தோன்றியதில்லை.

"அதுக்கில்லம்மா. அங்க வீடு பூட்டியே கிடக்குமேன்னு பாத்தேன்."

"பூட்டி எங்க கிடக்கு? குடித்தனம் வந்தாச்சே."

"குடித்தனமா? அதுக்குள்ள எப்படி ஆள் பிடிச்சே?"

"கூரை முடிஞ்சதும் வந்துடுங்கன்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன்," என்றாள் மனைவி. "அன்னைக்கு ரூம்ல கை தட்டிப் பாத்தேன் இல்ல, அன்னைக்கு சாயங்காலமே."