விளக்கெண்ணெய் தேய்த்த நாத்தனார்

முடியை வைத்து ஒருவரை எடை போடக்கூடாது என்று சொல்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். எல்லோருக்குமே நல்ல முடி இருக்கும். எனக்கு இல்லை. அதனால் நான் அப்படி எதுவும் சொல்வதில்லை.

என்னுடையது வறண்ட முடி. சுருள் முடி என்று சொன்னால் சுருள் முடிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நேர்முடி என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கொட்டகலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து காலையில் படிய வாரிப் பின்னிக்கொண்டு புறப்படுவேன். மெயின் ரோட்டுக்கு இறங்குவதற்குள் மூடுபனி வந்து தலையில் உட்கார்ந்துகொள்ளும். பஸ் ஏறும்போது ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'பரட்டை'. காலையில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குப் பெயர் பெரட்டு. "பரட்டை வந்துருச்சு, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று கூடப்படித்தவர்கள் கத்துவார்கள். (இப்போது யோசித்தால் நல்ல சிலேடைதான். அப்போது ரசிக்கிற நிலையில் நான் இல்லை.)

தேங்காயெண்ணெய் தேய்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்க் குளிரில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாகிக் கிடக்கும். அம்மா அதை அடுப்போரத்தில் வைத்து உருக்கித் தருவார். அது உருகுவதற்குள் பஸ் போய்விடும். எனக்குப் பஸ்தான் முக்கியமாக இருந்தது.

இருபத்து மூன்று வயதில் பஸாரில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் மோகன் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் மஸ்கெலியா. பெயர் தர்ஷினி. முன்பள்ளி ஆசிரியை. அண்ணன் போனில் படத்தைக் காட்டினான். எனக்கு முகம் தெரியவில்லை, முடிதான் தெரிந்தது. தோளில் தொடங்கி இடுப்புவரை ஒரு சிக்கு இல்லாமல், கேட்டுக் கேள்வி இல்லாமல் இறங்கிப் போயிருந்தது.

தாலி கட்டும்போது மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவார். மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் சகோதரி, அதாவது நாத்தனார், போட வேண்டும். அண்ணனுக்கு நான் ஒரே தங்கை. ஆகவே கல்யாணத்தின் முக்கியமான கட்டத்தில் அந்த முடிக்குப் பின்னால் இந்த முடி நிற்கப்போகிறது. வீடியோ வேறு எடுக்கிறார்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் யூடியூப்பில் ஒரு தமிழ்நாட்டு அக்காவைக் கண்டுபிடித்தேன்.

"முடி வறண்டு போய் சிலிர்த்துக்கிட்டு நிக்குதா? கெமிக்கலே வேணாம். செடி கொடியிலயே எல்லா எண்ணெயும் இருக்கு" என்று தொடங்கினார். விளக்கெண்ணெய் இரண்டு ஸ்பூன், நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன். இலேசாகச் சூடாக்கி, வேரிலிருந்து நுனிவரை தடவி, துணியால் கட்டி ஊறவிட்டு அலச வேண்டும். விசேஷத்துக்கு முதல் நாள் செய்தால் மறுநாள் பட்டு மாதிரி படியும். நான் அதை ஒன்பது தடவை பார்த்தேன். (முன்கூட்டியே ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாமே என்ற யோசனை, கல்யாணம் முடிந்து இரண்டாம் நாள்தான் எனக்கு வந்தது.)

நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடைக்குப் போனேன்.

"முதலாளி, விளக்கெண்ணெய் இருக்குங்களா?"

"இருக்கும்மா. கல்யாணத்துக்குத்தானே?"

தூக்கிவாரிப்போட்டது. என் முடிப் பிரச்சினை பஸார்வரைக்கும் வந்துவிட்டதா?

"ஆமாங்க" என்றேன், பின்னலைக் கையால் அமுக்கிக்கொண்டே.

முதலாளி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ஒரு போத்தல் பத்தாதும்மா. ரெண்டா கொண்டு போ."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் என் தலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிற மனிதரோடு என்ன வாதாடுவது? இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டேன். லேபலில் ஒரு குத்துவிளக்குப் படம். பெயரே விளக்கெண்ணெய், பிறகு விளக்குப் படம் போடாமல் வேறு எதைப் போடுவார்கள்? அடியில் சின்ன எழுத்தில் 'உண்பதற்கல்ல' என்று இருந்தது. நான் ஏன் உண்ணப்போகிறேன்?

ஒரு போத்தலை என் அலுமாரியில் ஒளித்தேன். மற்றதைக் குசினித் தட்டில் சமையல் சாமான்களோடு வைத்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் வீடு நிறையச் சொந்தக்காரர். நான் பின்பக்கம் போய் எண்ணெயைச் சூடாக்கினேன். இரண்டு ஸ்பூன் அந்த அக்காவின் முடிக்குச் சரி. என் முடி அதைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. ஊற்றினேன். மறுபடி கேட்டது. போத்தல் முடிந்துபோனது.

தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது சித்தி மூக்கைச் சுளித்தார்.

"என்னடி கௌசி, உம் பக்கம் கோயில் வாடை அடிக்குது?"

"கல்யாண வீடுல்ல சித்தி, அப்படித்தான் இருக்கும்."

மறுநாள் விடியற்காலையில் சுடுதண்ணி முழுவதும் மாப்பிள்ளைக்கும் விருந்தாளிகளுக்கும் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது பீலித் தண்ணீர். மலையிலிருந்து குழாய் வழியாக இறங்கி வரும் அந்தத் தண்ணீர் விடியற்காலையில் எப்படி இருக்கும் என்பது அதில் குளித்தவர்களுக்குத்தான் தெரியும். தலையைக் கொடுத்தேன். எனக்கு மூச்சு நின்றது. எண்ணெய்க்கு ஓட்டம் நின்றது. அப்படியே உறைந்துவிட்டது. மூன்று பாக்கெட் ஷாம்பூ போட்டும் நுரை வரவில்லை. தலையைத் தொட்டால் மெழுகுதிரியைத் தொட்டமாதிரி இருந்தது.

அழுகிற நிலையில் கண்ணாடி முன்னால் போய் நின்றேன்.

ஒரு முடி எழும்பி நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் முடி, சொன்ன இடத்தில் சொன்னபடி படுத்துக் கிடந்தது. இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள பெண் சந்தேகப்பட்டிருப்பாள். நான் அந்த யூடியூப் அக்காவை மனதுக்குள் கும்பிட்டேன்.

"தலை ஈரமா இருக்கு போல, தொவட்டலையா?" என்றார் அம்மா.

"ஈரம் இல்லம்மா. பளபளப்பு."

மஸ்கெலியாவில் கல்யாண மண்டபத்துக்குப் போகும்வரை என் முடி நல்லபடியாகத்தான் இருந்தது. வேனில் வழிநெடுகக் குளிர். மண்டபத்துக்குள்தான் வினை காத்திருந்தது. இருநூறு பேரின் சூடு, ஓமப்புகை, போதாததற்கு வீடியோக்காரரின் இரண்டு பெரிய லைட். முதலில் நெற்றியில் ஏதோ ஊர்ந்தது. பூச்சி என்று தட்டினேன். விரலெல்லாம் பிசுபிசுப்பு. பிறகு காதோரம் ஒன்று, மூக்கு நுனியில் ஒன்று.

அந்த நேரம் பார்த்து ஐயர், "விளக்குக்கு எண்ணெய் விடுங்கோ" என்றார். அம்மா பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் திறந்து குத்துவிளக்கில் ஊற்றினார். குத்துவிளக்குப் படம் போட்ட அதே போத்தல்.

"அம்மா, அது என்னோட விளக்கெண்ணெய்" என்றேன் மெதுவாக.

"ஆமாடி, விளக்கு எண்ணெய்தான். முதலாளி ரெண்டு போத்தல் குடுத்ததா சொன்னாரு. இன்னொன்னு எங்க? தேடித் தேடிப் பாத்தேன், காணோம்."

திரியைக் கொளுத்தினார். விளக்கு அழகாக எரிந்தது. அதிலிருந்து எழும்பிய வாடையும் என் தலையிலிருந்து வந்த வாடையும் ஒன்றாகப் போய்க் கலந்தன. காணாமல்போன போத்தல் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. விளக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். பற்றிக்கொண்டால்?

(விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் விளக்கெண்ணெய் என்றால் ஆமணக்கு விதையில் எடுக்கிற எண்ணெய். எங்கள் பக்கம் அதை ஆமணக்கெண்ணெய் என்றுதான் கேட்கவேண்டும். விளக்கெண்ணெய் கேட்டால் சாமிக்கு விளக்கேற்றுகிற கலப்பு எண்ணெயை எடுத்துத் தருவார்கள். முதலாளி மேல் ஒரு பிழையும் இல்லை. கல்யாணத்துக்கா என்று கேட்டுத்தானே கொடுத்தார்.)

கெட்டிமேளம் முழங்கியது. அண்ணன் தாலியை எடுத்து முதல் முடிச்சைப் போட்டான். எல்லோரும் அட்சதை தூவினார்கள். மற்றவர்கள் மேல் விழுந்த அரிசி கீழே உதிர்ந்தது. என் தலையில் விழுந்தது மட்டும் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

நான் குனிந்து மஞ்சள் கயிற்றைப் பிடித்தேன். இரண்டாவது முடிச்சைப் போட்டு இழுத்தேன். வழுக்கி அவிழ்ந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அவிழ்ந்தது. நெற்றியைத் துடைத்துத் துடைத்து என் பத்து விரலும் எண்ணெயில் ஊறியிருந்தன. மேளக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே அடித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. பெண் வீட்டுப் பக்கத்தில் ஒரு அம்மா வாயில் கைவைத்து, "என்னடி இது, முடிச்சு நிக்க மாட்டேங்குதே" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் முடி, என் வெட்கம், வீடியோ எல்லாம் அந்த நொடியில் மறந்துபோயின. நாளைக்கு இவர்கள் வீட்டில் ஒரு தலைவலி வந்தாலும், 'அன்னைக்கே முடிச்சு நிக்கலையே' என்றுதான் பேசுவார்கள். அந்தப் பேச்சை வாழ்நாள் முழுவதும் சுமக்கப்போகிறவள் எனக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவசர அவசரமாக மறுபடி முடிச்சுப் போட்டேன். அவசரத்தில் இன்னும் வழுக்கியது.

அப்போது தலையை நிமிர்த்தாமலே தர்ஷினி பேசினாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"கௌசி, பதறாதீங்க. கையை என் சேலையில நல்லா தொடைங்க."

"கூறைச் சேலைங்க…"

"பரவால்ல. தொடைச்சிட்டு இழுத்துக் கட்டுங்க."

துடைத்தேன். அவள் முதுகுப் பக்கம், அரக்குச் சிவப்புப் பட்டில், பத்து விரலையும் துடைத்தேன். இழுத்துக் கட்டினேன். நின்றது. மூன்றாவதையும் போட்டேன். (பிறகு கயிறு மாற்றும்போது அந்த முடிச்சை அவிழ்க்கக் கத்தரிக்கோல் வேண்டியிருந்தது என்று கேள்வி.) மேளக்காரர் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் வீட்டில் அம்மா ஒரு பானைச் சுடுதண்ணியும் சீயக்காயும் கடலை மாவும் எடுத்துக்கொண்டு வந்தார். நான் கல்லில் குந்திக்கொண்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அட்சதை அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தண்ணி ஊற்றினார்.

"என்ன கேடு இந்த முடிக்கு? எனக்கும் இதே முடிதான்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முடியை நான் சரியாகப் பார்த்ததே கிடையாது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற அம்மா தலையில் துணி கட்டியிருப்பார். அதற்குமேல் கூடைக் கயிறு. வீட்டுக்கு வந்தாலும் அந்தத் துணி இறங்காது. அன்றைக்குக் கல்யாணத்துக்காகத் துணி இல்லாமல் இருந்தார். காதோரமும் பிடரியிலும் என் முடியேதான், நரைத்துச் சிலிர்த்து நின்றது. உச்சியில் மட்டும், கயிறு அழுத்துகிற இடத்தில், பட்டையாக முடி இல்லை.

"இருவத்தெட்டு வருஷம் கயிறு போட்டா அங்க என்ன மொளைக்கும்? உனக்கு முழுசா இருக்கு. படியலைன்னா என்ன இப்ப?"

மறுபடி திரும்பித் தலையைக் குனிந்து கொடுத்தேன். கண்ணில் சீயக்காய் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அண்ணியிடம் முழுக் கதையையும் ஒப்பித்தேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. அடுத்த தடவை மஸ்கெலியாவிலிருந்து வரும்போது ஆயுர்வேதக் கடையில் உண்மையான ஆமணக்கெண்ணெய் ஒரு சின்னப் போத்தல் வாங்கி வந்தார். இரண்டே சொட்டு, உருக்கிய தேங்காயெண்ணெயோடு கலந்து, தலை ஈரமாக இருக்கும்போது நுனியில் மட்டும் தடவுகிறேன். இன்றைக்கும் மூடுபனி பட்டால் என் முடி எழும்பும். ஆனால் மிருதுவாக எழும்புகிறது. அதற்குமேல் நான் அதனோடு சண்டைக்குப் போவதில்லை.

கூறைச் சேலையில் பட்ட கறை போகவேயில்லை. அண்ணி ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. அண்ணன்தான், "கட்டும்போதே வழுக்குச்சு, அப்பவாவது ஓடியிருக்கணும்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வான்.

போன வருஷம் எனக்குக் கல்யாணம் நடந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா முடிச்சுப் போடக் கையை நீட்டினார். எங்கிருந்தோ அண்ணி மேடைக்கு ஏறி வந்து, ஒரு வெள்ளை லேஞ்சியை (கைக்குட்டைதான்) விரித்து அவருடைய இரண்டு கையையும் பக்குவமாகத் துடைத்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஐயருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இது என்னம்மா சடங்கு?"

"எங்க குடும்ப வழக்கங்க ஐயா" என்றார் அண்ணி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

போன மாதம் உடப்புசல்லாவையில் என் வீட்டுக்காரரின் தம்பிக்குக் கல்யாணம். தாலித் தட்டில் மஞ்சள், குங்குமம், தேங்காய். பக்கத்தில் அழகாக மடித்த ஒரு வெள்ளை லேஞ்சி. யார் வைத்தது என்று கேட்டேன். என் மாமியார் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"என்ன பிள்ள, உனக்கே தெரியாதா? நாத்தனார் கை தொடைக்காம முடிச்சுப் போட்டா குடும்பத்துக்கு ஆகாதாமே!"