தையல் தட்டை நான் திருத்தியது பற்றி மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. நான் இங்கே நலம். உங்கள் அத்தையும் நலமாகத்தான் இருக்க வேண்டும். நான்கு நாளாக அவள் என்னிடம் பேசாததால் கேட்டு எழுத வழியில்லை. நீங்களும் என் மகளும் நலம் என்று நம்புகிறேன். உடம்பு சரியில்லாவிட்டாலும் இதை முழுதாகப் படித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் வந்தபோது, முன்னறையில் அத்தையின் தையல் மெஷினுக்கு மேலே இருக்கும் நீளத் தட்டைப் பார்த்து நின்றீர்கள். எட்டு விரலுக்கு ஒரு தடுப்பு வைத்த தட்டு. முதலில் ஒரு விரல் அகலத்தில் சாக்பீஸ் டப்பா. பக்கத்தில் ஏழு விரல் காலி. அடுத்த தடுப்பில் பெரிய பட்டன் பெட்டி. "நாங்க எழுதுற புரோகிராமை கம்ப்யூட்டருக்கு மொழிபெயர்த்துக் கொடுக்குற கம்பைலரும் இப்படித்தான் மாமா அடுக்கும். பெரிய சாமான் அது அளவுக்கு ஏத்த கோட்டுலதான் ஆரம்பிக்கணும். பாதி இங்க பாதி அங்கன்னு இருந்தா எடுக்க ரெண்டு நடை ஆகும். அதனால நடுவுல இடத்தைச் சும்மா விட்டுடும். பெருசையெல்லாம் முதல்ல எழுதிட்டா அந்த இடம் மிச்சம்" என்றீர்கள். கம்பைலரே மாற்றி அடுக்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன். "அது மாத்தாது மாமா, நாம எழுதின வரிசைதான்" என்றீர்கள். ஏன் என்று சொல்வதற்குள் உங்கள் பஸ் வந்துவிட்டது. சோம்பேறி போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

முப்பத்தொரு வருஷம் பார்சல் ஆபீஸில் பெட்டி அடுக்கியவன் நான். கண்ணெதிரே ஏழு விரல் இடம் சும்மா கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்குமா? திங்கட்கிழமை அத்தை துணி எடுக்கப் போன நேரம் பார்த்து, பெருசெல்லாம் முன்னால், சின்னதெல்லாம் கடைசியில் என்று மாற்றி வைத்தேன். முழுதாக இரண்டு தடுப்பு மிச்சம். அதில் என் ரேடியோவை வைத்தேன். அவள் பாராட்டுவாள் என்று காத்திருந்தேன், மாப்பிள்ளை.

அவள் டப்பாவைப் பார்த்து எடுப்பதில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? கண் துணியில் இருக்கும், கை தானாகப் போகும். பல் ஆஸ்பத்திரிக்கு இருபத்திரண்டு வெள்ளைக் கோட்டு வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். அவள் சாக்பீஸ் என்று எடுத்தது மெழுகுப் பென்சில், முதல் கோட்டின் முதுகில் அழியாத சிவப்புக் கோடு, அதைத் துடைக்க அவள் ஓடிய நேரத்தில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற அம்மா மூன்றாவது பெட்டி கறுப்புப் பட்டன் என்று நினைத்து ஹெட்மாஸ்டரின் கறுப்புக் கோட்டு முழுக்கக் கருநீலப் பட்டனைத் தைத்துவிட்டார், அவர் அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் போய் நின்ற வேகத்திலேயே திரும்பி வந்தார், அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே அத்தை மெஷினுக்கு எண்ணெய் விட்டாள், அது எண்ணெய் இல்லை, கோந்து. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல கோந்து ஊத்தினது யாரு?" என்றார். அத்தை என்னைப் பார்க்கவில்லை, ரேடியோவைப் பார்த்தாள். பழையபடி வைத்துவிடுகிறேன் என்று எழுந்தேன். "இனிமே அந்தத் தட்டுல உங்க கை பட்டுது, அவ்வளவுதான்" என்றாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. மத்தியானச் சாப்பாட்டைக்கூட காஜா அம்மாதான் கொண்டுவந்து வைக்கிறார்.

உங்களுக்கு போன் செய்தேன். நிதானமாகச் சொல்கிறீர்கள்: "ஐயோ மாமா, அந்த வரிசையை நம்பி எழுதின புரோகிராம் ஏற்கனவே இருந்தா மாத்தவே கூடாது. அது பேரைப் பார்த்து எடுக்காது. ஆரம்பத்துலேர்ந்து இத்தனையாவது இடம்னு எண்ணித்தான் எடுக்கும்." இந்தப் பாதியை முதலில் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கக் கூடாதா?

மாப்பிள்ளையிடம் கோபப்படக் கூடாது, நான் படவில்லை. ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அத்தைக்கு போன் போட்டு, தப்பு உங்களுடையது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் மன்னிப்பாள். வீடு இவ்வளவு அமைதியாக இருந்து எனக்குப் பழக்கமில்லை. உண்மையில் கஷ்டமாக இருக்கிறது.

என் மகளுக்கு என் ஆசிகள். உங்கள் கம்பைலருக்கும்; சோம்பேறி என்று நினைத்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம். இதை எழுதி முடித்ததும், அத்தை மார்க்கெட்டுக்குப் போயிருந்ததால், ரேடியோவை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பழைய வரிசையிலேயே வைத்துவிட்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இருபத்திரண்டாவது கோட்டில் மறுபடியும் சிவப்புக் கோடு. "நாலு நாளா தடுமாறி இப்பதான் புது இடம் கைக்குப் பழகுச்சு. உங்களை யாரு மாத்தச் சொன்னது?" என்றாள். நான்கு நாள் கழித்து என்னிடம் பேசியிருக்கிறாள், அந்த மட்டில் நிம்மதி. மீதியை அவள் பேசி முடிக்கும்வரை உங்கள் வீட்டில் எனக்கு இடம் இருக்குமா? இரண்டு பெரிய சாமானுக்கு நடுவில் சும்மா கிடக்கிற இடமாக இருந்தாலும் போதும், ஒடுங்கிக்கொள்கிறேன். உறையை ஊசி நூலால் தைத்திருக்கிறேன், கவனமாகப் பிரியுங்கள். வீட்டில் கோந்து இல்லை.