பிரின்சிபாலின் கணுக்கால்

கையும் காலும் நம் பேச்சைக் கேட்கும் என்று நம்புகிறவர்கள் சடுகுடு ஆடாதவர்கள். நான் ஆடினேன். அதனால்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒருவரும் என்னை ஒழுங்காகக் கும்பிடுவதில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சடுகுடு அணியில் இருந்த முனிராஜு, வெங்கடப்பா இருவரையும் பிரின்சிபால் கல்லூரியை விட்டே நீக்கிவைத்துவிட்டார். பந்தயத்தில் நடுவரைக் கீழே தள்ளினார்கள் என்று புகார். "அவரு கோட்டுக்குள்ள வந்துட்டாருங்க, கை தானா போயிடுச்சுங்க" என்று முனிராஜு அழுதான். பிரின்சிபால் நம்பவில்லை. பரீட்சை எழுதாவிட்டால் அவனுக்கு வாத்தியார் வேலை கிடையாது, ஓசூர்ப் பக்கம் அப்பாவோடு ராகிக் கொல்லைதான். எனக்கு அவன் மேல் உயிர். அவன் இல்லாத விடுதியில் களி தொண்டைக்குள் இறங்கவில்லை.

மீதி ஐந்து பேரும் சத்தியாகிரகம் செய்வது என்று முடிவெடுத்தோம். தலைவர் நான். (மீசை எனக்குத்தான் முதலில் முளைத்தது, வேறு தகுதி கிடையாது.) "அடிச்சாலும் கை தூக்கக் கூடாதுடா!" என்று முழங்கிவிட்டு, ஆடுகளத்திலேயே நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வரிசையாக உட்காரவைத்தேன். வேறெங்காவது உட்கார்ந்திருக்கலாம். அந்தப் புத்தி அன்றைக்கு வரவில்லை.

பிரின்சிபால் மைசூர்க்காரர். சாதாரணமாக நல்ல தமிழ், கோபம் வந்தால் கன்னடம். "ஏள்ரோ, ஏள்ரோ, ஏள்ரோ, ஏள்ரோ" (எழுந்திருங்கடா என்று அர்த்தம்) என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்தார்.

மூச்சு விடாமல் ஒருவர் கோட்டைத் தாண்டி வந்தால் என்ன செய்ய வேண்டுமோ, அதை என் கை செய்துவிட்டது. பாய்ந்து கணுக்காலைப் பிடித்தேன். மற்ற நால்வரும் மேலே விழுந்து அமுக்கினார்கள். தலைப்பாகை மட்டும் உருண்டு தப்பித்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த முனிராஜு, பழக்க தோஷத்தில் "அவுட்!" என்று கத்தினான்.

அடியிலிருந்து குரல் வந்தது. "ஏன்டா, என்னைத் தள்ளணும்னு நெனச்சியா?"

"ஐயோ, இல்லீங்க சார்! கை தானா போயிடுச்சுங்க."

அவர் மண்ணில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார். "அவனுகளும் இதத்தானேடா சொன்னானுக" என்றார் மெதுவாக. "ரெண்டு பேரையும் வகுப்புக்கு வரச் சொல்லு. மொதல்ல என் கால விடு."

(நான் இன்னும் விடவில்லை.)

முனிராஜு பரீட்சை எழுதினான், தலைமை ஆசிரியராகி ஓய்வும் பெற்றான். என் கல்யாணத்துக்குப் பிரின்சிபால் வந்திருந்தார். ஆசீர்வாதம் வாங்க நானும் மனைவியும் குனிந்தோம். அவர் சட்டென்று பந்தல் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "ம், இப்ப விழுப்பா" என்றார்.

இப்போது பேரப்பிள்ளைகள் என் காலில் விழும் வயது எனக்கு. ஒவ்வொரு பொங்கலுக்கும் குனிவதற்கு முன்னால் ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தி வைக்கிறார்கள். "தாத்தா, கெட்டியா புடிச்சுக்கோங்க. நாங்க உங்க வம்சம்."