ஆணிப் பொட்டலத்தில் போன ஓடக்காரர்

இந்தக் கண்டியில் நான் என் கையால் கட்டியவை இவை: கூட்ஸ் ஷெட் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஹாட்வெயார் கடை. "இந்தச் சரிவில் கோழிக்கூடுகூட நிற்காது" என்று படித்த இஞ்சினியர் ஒருவர் கைவிரித்த அதே இடத்தில், கடைக்கு மேல் இரண்டு மாடி. மண் சரியாமல் பின்னால் ஒரு கல் அணை. பிறகு ஒரு மழையில் அந்த இஞ்சினியர் வீட்டு மதில்தான் விழுந்தது. அதற்கு சிமெந்து வாங்க என்னிடம்தான் வந்தார். கடைசியாக, ஒரு நாவலில் ஒரு தாள். அதையும் நான்தான் கட்டினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி.

அந்தத் தாளுக்குக் காரணமானவன் ரிவர்ஸ். உலகத்தில் எல்லோரும் முன்னால் போகப் பிறந்தவர்கள். பின்னால் போவதற்கென்றே பிறந்த ஒரே மனிதன் அவன்தான். பெயர் என்னவோ ஒன்று இருந்தது. அறைக்கு அட்வான்ஸ் வாங்கிய அன்றைக்குக் கேட்டேன். அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

மேல்மாடியில் கம்பஸில் படிக்கும் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறேன். லீவு விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் இறங்குவார்கள், படி அதிரும். அவன் வந்த வருடம், படி அதிர்ந்து ஓய்ந்த பிறகு மேலே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. திருடனோ என்று ஒரு இரும்புக் குழாயுடன் ஏறினேன். ஒல்லியாக ஒருவன். ஒரு கதிரையில் உடம்பு, இன்னொரு கதிரையில் கால், மார்பில் அட்டை போன ஒரு புத்தகம்.

"என்ன தம்பி, ஊருக்குப் போகலையா?"

"இல்லை ஐயா. லீவெல்லோ, வாசிக்கோணும்."

"சோதனைக்கா?"

"இது கதைப் புத்தகம் ஐயா."

"எப்ப முடியும்?"

"முடிஞ்சுது ஐயா. இது அஞ்சாந்தரம்."

குழாயைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அடிப்பதற்கு அவனிடம் இடமே இல்லை. "முடிவு தெரிஞ்ச கதைய எதுக்குத் தம்பி படிக்கிற?" என்றேன்.

"முடிவு தெரிஞ்சபடியாத்தான் ஐயா வடிவா வாசிக்கலாம். முதல் தரம் என்ன நடக்குமோ எண்ட பயத்தில ஓடீட்டன். ஒண்டையும் பாக்கேல்ல."

ஊர் பருத்தித்துறைப் பக்கம். போனால் கலியாண வீடு, செத்த வீடு என்று இழுத்துக்கொண்டு திரிவார்களாம். அதனால் லீவில் பாதி நாள் கண்டியில். கீழே வந்து என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். "ஒரே கதைய அஞ்சு தடவ படிக்கிறானாம் பைத்தியக்காரன்!"

அவள் அரிசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நீங்க இந்தக் கடை கட்டின கதைய எனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கீங்க? நான் கேக்கலையா?"

நான் கடையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவனுடைய வாசிப்புக்குக் காலநிலை உண்டு. ஏப்ரல் லீவில் முதலிலிருந்து கடைசி வரை ஒழுங்காக வாசிப்பான். ஓகஸ்ட் லீவில் பேச்சுகளை மட்டும், அதுவும் வாய்விட்டு, ஆளுக்கொரு குரலில். ஒருநாள் தண்ணீர்க் குழாய் வாங்க வந்த பெரியவர் ஒருவர் விலை கேட்டுக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து, "உன்னை இந்த ஆற்றிலேயே அமிழ்த்திவிடுவேன்!" என்று கர்ஜனை வந்தது. பெரியவர் குடையை விட்டுவிட்டு ஓடிவிட்டார். அந்தக் குடை இன்னும் கடையில் தொங்குகிறது. ஊரே பெரஹரா ஊர்வலம் பார்க்கப் போன நாளில் இவனையும் இழுத்துக்கொண்டு போனேன். யானை ஆடி அசைந்து வருகிறது. இவன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு புத்தகத்துக்குள் இருக்கிறான்.

டிசம்பரில்தான் விசேஷம். கடைசி அத்தியாயத்தில் தொடங்கி முதல் அத்தியாயத்துக்கு வருவான்.

"இது என்ன தம்பி லொறி மாதிரி ரிவர்ஸ்ல?"

"இதில ஒரு ஓடக்காரர் செத்துப்போவார் ஐயா. பின்னாலயிருந்து வாசிச்சா, செத்தவர் எழும்பி வந்து ஓடம் விடுவார். முதலாம் அத்தியாயத்தில நல்ல சுகமா இருப்பார்."

அன்றைக்கு வைத்த பெயர்தான் ரிவர்ஸ். வைத்தவன் நான்.

புத்தகத்துக்குப் பெயர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பழைய அலுமாரியைக் கழித்தபோது குப்பையோடு கிடந்ததாம். இடைவேளைக்கு இடைவேளை, வேப்பமரத்தடியில் முதல் தரம் வாசித்திருக்கிறான். அப்போதே அட்டையும் முன்பக்கங்களும் இல்லை. எழுதியவர் யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு நிற மையில் ஓரத்தில் குறிப்பு எழுதுவான். எத்தனையாந்தரம், வெயிலா மழையா, என்ன சாப்பிட்டான் என்று. ஒன்றில் "ஆறாந்தரம். அடைமழை. கீழே முதலாளி யாருடனோ சண்டை" என்று இருந்தது.

"சண்டையில்ல தம்பி, நான் சாதாரணமாப் பேசுறதே அப்படித்தான்."

உடனே வெட்டிவிட்டு "கதைக்கிறார்" என்று திருத்தினான். நல்ல பையன்.

நான் அந்தக் கதையைக் கேட்டதில்லை. வியாபாரிக்கு ஏது நேரம்? தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க மாடிக்குப் போவேன். தாங்கியை அடிக்கடி பார்க்க வேண்டும். அப்போது காதில் விழும், அவ்வளவுதான்.

இனி என் தவறு. ஒளிக்கமாட்டேன். என் கடையில் ஒரு துண்டுக் காகிதம் வீணாகாது. ஆணியும் வாசரும் மடிக்கப் பழைய கொப்பி, பழைய பேப்பர் எல்லாம் மேசையோரம் அடுக்கி வைத்திருப்பேன். பார்க்காமலே கிழிப்பேன், என் கை அவ்வளவு வேகம். ஒரு ஓகஸ்டில் மழை பிடித்து, வீட்டுக்கு வீடு கூரை ஒழுகி, கடையில் காலையிலேயே கூட்டம். ரிவர்ஸ் பிளேன்டீ குடிக்க இறங்கியவன், புத்தகத்தை அந்த அடுக்கின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்து சலூனுக்கு முடிவெட்டப் போய்விட்டான். அட்டையில்லாத புத்தகம். நான் என்ன கண்டேன்?

திரும்பி வந்தவன் புத்தகத்தை எடுத்தான். எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"ஒம்பது தாளைக் காணேல்ல ஐயா."

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சமாளித்திருக்கலாம். அவன் சிமெந்து மூட்டையில் உட்கார்ந்து, கிழிந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான். முடி வெட்டிய தலை சின்னதாகத் தெரிந்தது.

"புதுசு ஒண்ணு வாங்கித் தாறேன் தம்பி."

"பேர் தெரியாதெல்லோ ஐயா."

முப்பத்தொரு வருடத்தில் கலியாணம், சாவு தவிர எதற்கும் பகலில் கதவை இழுத்ததில்லை. அன்றைக்கு இழுத்தேன். அங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. யார் வந்தார், என்ன ஆணி, எத்தனை பொட்டலம், எல்லாம் தலையில் இருக்கிறது. பில் பார்க்கத் தேவையில்லை. மார்க்கெட்டில் வாழைப்பழக் கடைக்காரருக்கு இரண்டு தாள்: பத்து நிமிடத்தில் மீட்டோம். அம்பிட்டியவில் தச்சு வேலை செய்யும் ஹனிபா ஓடாவிக்கு ஆறு. கலஹாவில் கூரை ஆணி வாங்கிய ஒரு பெண்ணுக்கு ஒன்று.

த்ரீவீலர் பிடித்து அம்பிட்டிய ஏறினோம். ஓடாவியின் பட்டறையில் உளிச் சத்தமே இல்லை. ஆணிகளைத் தகர டப்பாவில் கொட்டிவிட்டு, ஆறு தாளையும் மடியில் விரித்துக் கண்ணாடி போட்டு வாசித்துக்கொண்டிருந்தார். வேலையாட்கள் இரண்டு பேர் பலகையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஹனிபா நானா, அந்தக் கடதாசியத் தாங்க."

"பொறுங்க முதலாளி. எனக்கு ஒண்ணு செல்லுங்க. ஆத்துல தண்ணி ஏறுது, டீச்சர்ட குட போகுது, இந்த மனுசன் ஓடத்த அவுக்கிறான். அதுக்குப் பொறகு கடதாசி இல்ல. அவன் மவுத்தாகினானா இல்லயா?"

நான் வாயைத் திறந்தேன். ரிவர்ஸ் என் காலை மிதித்தான்.

"நான் இன்னும் அந்த இடத்துக்கு வரேல்ல நானா," என்றான். பதினொரு தரம் வாசித்தவன்!

"அப்ப முன்கதயயாவது செல்லுங்க தம்பி. செல்லாட்டிக் கடதாசி இல்ல."

ரிவர்ஸ் சொன்னான். தினமும் ஓடத்தில் ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போகும் ஒரு டீச்சர். அவளிடம் ஒரு வார்த்தை பேசாமலே ஏழு வருடம் துடுப்புப் போடும் ஓடக்காரர். அவள் கையில் ஒரு நீலக் குடை...

"பச்சை," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீலம் அவ அக்காவோட குடை தம்பி. டீச்சரோடது பச்சை. கம்பிகூட ஒண்ணு வளைஞ்சிருக்கும்."

ரிவர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "தண்ணித் தாங்கி பாக்க வாறனீங்கள் எண்டெல்லோ நினைச்சன் ஐயா," என்றான். ஓடாவி ஆறு தாளையும் கொடுத்துவிட்டார். ஒவ்வொன்றிலும் ஆணி குத்தி நட்சத்திரம் மாதிரித் துளைகள்.

கலஹா பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சீற் கிடைத்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கூரை ஆணி வாங்கிய அந்தத் தங்கச்சி கூரை ஒழுக்குக்குப் பானை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ முதலாளி! எங்க வீட்டுக்கா? உக்காருங்க, உக்காருங்க!"

"அது வந்து தங்கச்சி, காலைல வாங்கின ஆணி..."

"எல்லாம் அப்புறம் பேசலாம். நனைஞ்சு வந்திருக்கீங்க. மொதல்ல தேத்தண்ணி."

கண்டி கடை முதலாளி வீடு தேடி வந்திருக்கிறார். தேத்தண்ணீருக்கு முன்னால் காரியம் பேசினால் மரியாதையா? பொறுத்தோம். உள்ளே விறகு முறிபட்டது, அடுப்பு மூண்டது, இஞ்சி மணத்தது. கிளாசைக் கையில் வாங்கிய பிறகு மெதுவாகக் கேட்டேன். "ஆணி சுத்தியிருந்த கடதாசி எங்கம்மா?"

"அதா? வெறகு ஈரமா இருந்திச்சு முதலாளி. இப்பத்தானே அடுப்புல வச்சேன், உங்களுக்குத் தண்ணி சுட வைக்க."

நான் ரிவர்ஸைப் பார்க்கவில்லை. அவன் அந்தத் தேத்தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். "நல்லாயிருக்கு அக்கா," என்று வேறு சொன்னான்.

திரும்பும் பஸ்ஸில் எட்டுத் தாளையும் இடத்தில் வைத்துப் பார்த்தான். போனது ஓடக்காரர் சாகும் தாள்.

"பரவாயில்ல தம்பி. பதினொரு தரம் படிச்ச உனக்குப் பாடமா இருக்குமே. எழுதி ஒட்டிரலாம்."

"எனக்குத் தெரியாது ஐயா." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்தத் தாளை முதல் தரம் மட்டுந்தான் வாசிச்சனான். பிறகு அது வரேக்க ரெண்டு தாளாச் சேர்த்துப் பிரட்டிப்போட்டுப் போயிடுவன். ரிவர்ஸில வந்தாலும் அப்பிடித்தான். அதில ஒரு குறிப்பும் இல்லை."

"அப்புறம் எதுக்கு அதைத் தேடி இவ்வளவு தூரம்?"

"தாண்டிப் போறதுக்கும் அது இருக்கோணுமெல்லோ ஐயா."

இதெல்லாம் ஐந்தாம் வகுப்பில் சொல்லித்தரவில்லை. ஆனால் சட்டைப் பையில் பில் புத்தகம் இருந்தது. ஒரு தாளைக் கிழித்தேன், இந்த முறை பார்த்துக் கிழித்தேன். "எழுது," என்றேன். "ஓடம் கவிழ்ந்தது. ஓடக்காரர் பச்சைக் குடையைப் பல்லால் கவ்விக்கொண்டு நீந்தினார். அக்கரை ஏறினார். ஏறிய இடம் நல்ல மூலை இடம். அங்கேயே ஒரு ஹாட்வெயார் கடை போட்டார்."

அவன் பேனை நின்றது. "ஐயா, அடுத்த பக்கத்தில ஊரே கரையில நிண்டு அழுகுது."

"கடைத் திறப்பு தம்பி. என் கடை திறந்த அன்னைக்கு நான் அழுவலையா?"

"டீச்சர் வெள்ளைச் சேலையில நிக்கிறா."

"பௌர்ணமி, போயா நாள்ல கண்டியே வெள்ளைதான் கட்டுது. அன்னைக்குப் போயான்னு எழுது."

அவன் சிரிக்கத் தொடங்கினான். கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுதினான், பஸ் குலுங்கிய குலுக்கலில் எழுத்து மேலும் கீழும் போனது. "அடியில என் பேரைப் போடு," என்று நான் சொல்வதற்குள் கண்டி வந்து இறங்க வேண்டியதாயிற்று.

"அடுத்த தரம் போடுறன் ஐயா," என்றான்.

அடுத்த தரம் டிசம்பரில் வந்தது. நான் தண்ணீர்த் தாங்கி பார்க்கப் போயிருந்தேன். அறைக்குள் தாள் புரளும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. இரண்டு தாளாகச் சேர்ந்து புரளவில்லை. பிறகு அந்தப் பஸ் சிரிப்பு. பெயர் விஷயம் மட்டும் எனக்கும் மறந்துபோயிற்று, அவனுக்கும் மறந்துபோயிற்று. படிப்பு முடிந்து போய்விட்டான். இப்போது வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்று கேள்வி.

மேல்மாடியில் அவன் இருந்த அறையை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. சுவரில் கொஞ்சம் ஈரம், காய வேண்டும். இரண்டு கதிரையும் போட்டபடி இருக்கின்றன.

வடக்குப் பக்கத்தில் இதை வாசிக்கிறவர்கள், இடைவேளை மணியடித்த பிறகும் வேப்பமரத்தடியில் ஒல்லியாக ஒரு வாத்தியார் ஆணித் துளை விழுந்த புத்தகத்தோடு இருந்தால் அவனிடம் சொல்லுங்கள். அந்த நாவலை எழுதியவர் யாரென்று தெரியாது. ஒரே ஒரு தாளை எழுதியவர் யாரென்று தெரியும். அதில் என் பெயர் இருக்க வேண்டும். தபாலில் எழுதி அனுப்புகிற வேலையெல்லாம் வேண்டாம். ஏப்ரலில் பள்ளிக்கூடம் விடுவார்கள். நேரில் வந்து, மேலே அந்தக் கதிரையில் உட்கார்ந்து, என் கண் முன்னால் போட வேண்டும்.