நாகப்பாவுக்கு நத்தை படைத்தவர்

சாமிக்குப் பொங்கல் படைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிடா வெட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். உயிரோடு நத்தை படைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடு மைசூரில் ஒரு நர்சரியில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

பெயர் ஏதோ இருந்தது. எல்லோருக்கும் அவர் நத்தையண்ணன். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளி. செடி பார்ப்பது அவர் வேலை, நத்தைகளோடு சண்டை போடுவது அவர் வாழ்க்கை. தினமும் காலையில் வாளியும் கையுமாக ஒவ்வொரு நத்தையையும் இலையிலிருந்து பிடுங்கி விசாரிப்பார். "ஏண்டா, நேத்துத்தான உன்னைய வேலிக்கு அந்தப் பக்கம் உட்டேன்?" கொல்ல மனசு வராது. பில் போடுகிற எனக்கு, நத்தை பதில் சொல்லிவிடுமோ என்று பயமாக இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் வடகிழக்கு மலைகளிலிருந்து ஆர்க்கிட் தொட்டிகள் வந்து இறங்கின. இரண்டு நாள் கழித்து ஒரு தொட்டியை நகர்த்தினால், பென்சில் தடிமனில் ஒரு பாம்பு. நான் பில் மெஷினை அணைத்துக்கொண்டு மேஜைமேல் ஏறிவிட்டேன்.

ஓனரம்மாவுக்கோ கண்ணீர் பெருகியது. நாக பஞ்சமிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. "நாகப்பாவே நம்மளத் தேடி வந்திருக்காரு" என்று அதை ஒரு கண்ணாடி மீன்தொட்டியில் குடியேற்றி, வெளியே மஞ்சள் குங்குமம் வைத்து, உள்ளே ஒரு கிண்ணம் பாலும் வைத்தார். தினமும் சாயங்காலம் ஆரத்தி. செடி வாங்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

பாம்பு பாலைத் தொடவில்லை. வாழைப்பழத்தையும் தொடவில்லை. ஐந்தாம் நாள் சுருண்டது சுருண்டபடியே கிடந்தது.

"விரதம் இருக்காரு" என்றார் ஓனரம்மா பரவசமாக.

நத்தையண்ணன் என்னை ஆர்க்கிட் வரிசைக்கு அழைத்தார். பாம்பு முதலில் இருந்த பூந்தொட்டியைச் சுற்றி ஏழெட்டு நத்தை ஓடுகள் கிடந்தன. ஒன்றும் உடையவில்லை, உள்ளே கழுவி வைத்த மாதிரி காலி.

"இது பால் குடிக்கிற பாம்பு இல்ல கண்ணு. கும்பிட்டுக் கும்பிட்டே கொன்னுபோடுவாங்க."

அன்று ஆரத்திக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. நத்தையண்ணன் வாழையிலைத் துண்டு ஒன்றை ஏந்திப் பக்தியோடு வந்தார். இலையில் மூன்று சின்ன நத்தைகள் நடந்துகொண்டிருந்தன. நான் "அண்ணா" என்பதற்குள் மூடியைத் திறந்து உள்ளே வைத்துவிட்டார். பாம்பு தலையைத் தூக்கியது, மெல்ல வந்தது. ஒரு ஓட்டுக்குள் வாயை விட்டு, நத்தையை நிதானமாக இழுத்து விழுங்கியது.

மணி நின்றது. ஓர் அம்மாள் உரச்சாக்குமேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஷ்ராவண மாசத்துலயா? கவிச்சியே ஆகாத மாசமாச்சே!" என்றார் ஓனரம்மா. "நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வரவேண்டாம்."

"வரலீங்கம்மா. அதுக்கு இன்னும் ரெண்டு புடிச்சுப் போட்டுட்டுப் போயிடறேனுங்க. அஞ்சு நாள் பசி."

வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் நேராகப் பில் மேஜைக்குப் போனேன். வனத்துறைக்குப் போன் போட்டேன்.

மறுநாள் காலை வந்த அதிகாரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "விஷமே கிடையாதும்மா. மலைக்காட்டுப் பாம்பு, நத்தைதான் சாப்பாடு. இன்னும் பட்டினி போட்டிருந்தா செத்தே போயிருக்கும்."

ஓனரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நாகப்பாவைத் தன் கையாலேயே கொல்ல இருந்தார், அதுவும் பூஜை செய்து. உடனே நத்தையண்ணனுக்கு ஆளனுப்பினார். அவர் வந்ததும், "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்துடப்பா" என்றார்.

பாம்பை அதன் ஊருக்கே திருப்பி அனுப்புவதாக ஏற்பாடு. ஜீப் கிளம்பும்போது நத்தையண்ணன் தான் தினமும் சாப்பிடும் டிபன் பாக்ஸோடு ஓடிவந்தார். உள்ளே ஈரப்பாசி, அதன்மேல் ஒரு டஜன் நத்தை.

"தூரமாப் போகுதுங்க சார். வழியில எங்க கெடைக்கும்?"

அதிகாரி வாய் பிளந்தபடியே வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் பாக்ஸ் திரும்பி வந்தது. அதிலேயே அண்ணன் மறுபடி சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்ததும், நான் என் சாப்பாட்டு இடத்தைத் தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டேன்.

போன வருஷம் பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பினேன். பஸ் நகரும் நேரம், ஜன்னல் வழியாக ஒரு டிபன் பாக்ஸ் மடியில் விழுந்தது. அதேதான்.

"தூரமாப் போற கண்ணு. வழியில எங்க கெடைக்கும்? நல்லாக் கழுவிட்டேன், பயப்படாத."

மண்டியா தாண்டும்வரை திறக்கத் தைரியம் வரவில்லை. திறந்தால் புளிசாதம். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். பாக்ஸை மட்டும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்க மனசில்லை.