ஆன்ட்டி சித்தராகிப் போன கதை

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்த எனக்கு, நாற்பது வயது வரை கிரிவலம் என்றால் ஸ்கூட்டர்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினான்கு கிலோமீட்டரும் கணவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தபடியே எட்டு லிங்கத்துக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். (சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.)

இந்த நிலையில்தான் எங்கள் மாடிக்குப் போலந்திலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. அப்பா தோமாஸ், அம்மா அன்னா, ஆறு வயது லீனா. இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்ததில், ஒரே வருஷத்தில் லீனா எங்கள் தெருப் பிள்ளைகளைப் போலவே தமிழ் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மூன்று பேரும் தண்ணீர் பாட்டிலோடு ஏரிக்கரை, காடு என்று கிளம்பிவிடுவார்கள். நேற்று வந்தவர்கள் பார்த்த இடங்களில் பாதியை நான் பார்த்ததில்லை. வியப்பாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அந்தப் பொறாமையில்தான் ஒருநாள், "மலை சுத்த நான் கூட்டிட்டுப் போறேன், எனக்கு அதெல்லாம் பழக்கம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

காலையில் ராஜகோபுரத்திலிருந்து வெறுங்காலோடு கிளம்பினோம். முதல் இரண்டு கிலோமீட்டர் நான்தான் கைடு.

"ரோட்டுக்கு இடது பக்கமாவே நடக்கணும் கண்ணு. மலையோரமா சித்தருங்க நடப்பாங்க. நம்ம கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க."

"நீங்க ரொம்ப வாட்டி சுத்தியிருக்கீங்களா ஆன்ட்டி?" என்றாள் லீனா.

"கணக்கே இல்ல." (பொய்யில்லை. எதில் சுற்றினேன் என்று அவள் கேட்கவில்லை.)

பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலைக் கோயில் வருவதற்குள் வெயில் ஏறி, தார் ரோடு தோசைக்கல்லாகிவிட்டது. என் இரண்டு பாதத்திலும் கொப்புளம். லீனாவோ அப்போதும் குதித்துக்கொண்டுதான் வந்தாள். வெளியிலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி, அவர்களைக் கோயிலுக்குள் அனுப்பிவிட்டுக் கணவருக்கு போன் போட்டேன்.

"என்னங்க, வண்டிய எடுத்துட்டு வாங்க."

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் கேக்காதீங்க. சீக்கிரம் வாங்க."

கடைசியில் இருக்கும் ஈசான்ய லிங்கத்தில் இறங்கிக்கொண்டு, வேகமாக முன்னால் நடந்து வந்துவிட்டதாகச் சொல்வது என் திட்டம். வழியில் அன்னா இரண்டு முறை அழைத்தாள். எடுத்தால் வண்டிச் சத்தம் கேட்குமே என்று எடுக்காமல் போனையே அணைத்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். அன்னாவின் கண்கள் சிவந்திருந்தன. வழியில் ஒரு டீக்கடை விடாமல் என்னைத் தேடி விசாரித்திருக்கிறார்கள். லீனா ஓடிவந்து என் கையைக் கிள்ளிப் பார்த்தாள்.

"அம்மா, ஆன்ட்டி திரும்பத் தெரியறாங்க. நான் சொன்னேன்ல, சித்தரா ஆயிட்டாங்கன்னு."

பக்கத்தில் பூ விற்ற அம்மா நிமிர்ந்து பார்த்தார். "சித்தரா? அதோ, அந்த ஸ்கூட்டர்லதான் வந்து எறங்கினாங்க."

ஸ்கூட்டரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த என் கணவர் அன்னாவுக்கு வணக்கம் வைத்தார்.

திட்டுவாள் என்று தலைகுனிந்து நின்றேன். அன்னா என் பாதத்தைத்தான் பார்த்தாள். "நீங்க நல்லா இருக்கீங்க. போதும்" என்று சொல்லிவிட்டு, மருந்து எடுத்துக் கொப்புளத்தில் தடவினாள். லீனா பையிலிருந்து எலுமிச்சை சாதப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள்.

"இது உங்களோடது. தெரிஞ்சதும் குடுக்கலாம்னு வச்சிருந்தேன்."

வெட்கத்தில் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டேன். (காரம் கம்மி.)

இன்றுவரை என் கணவருக்குக் காபி வேண்டுமென்றால், "சித்தரே, தெரியறீங்களா?" என்றுதான் அடுப்படியை எட்டிப் பார்க்கிறார். நானும் இப்போது ஞாயிறுதோறும் அவர்களோடு கிளம்பிவிடுகிறேன், மலையை முழுதாகவே நடந்து சுற்றுகிறேன். லீனா என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கும் மலைக்கும் நடுவில் நடப்பாள். அடி அண்ணாமலை நெருங்கினால் அந்தப் பிடி இன்னும் இறுகும்.