மகான் தேய்த்த மகிமை

வெள்ளைத்துணி மகான் வந்தாலும் வந்தார், கடைகளில் வெள்ளை பனியன் கிடைக்கவில்லை!

சாயங்காலம் பனியனைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். மகான் தவ அறைக்குள் அதை வைத்துக்கொண்டு கண் மூடுவார். காலையில் பார்த்தால் பனியன் நெஞ்சில் மகானின் திருமுகம்! தாடி, சிரிப்பு, ஒளிவட்டம் எல்லாம் கலரில். போட்டுக்கொண்டால் தீராத நோயும் தீருமாம். மகானுக்கே தீராத இருமல் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டால் அருள் கோபித்துக்கொள்ளும்!

அந்தத் தெருவில் ஒரு தையல்காரம்மா. வீட்டிலேயே குழந்தைகள் சட்டையில் படம் பதித்துக் கொடுப்பவள். பூனையா, விமானமா, எது வேண்டுமோ டிரான்ஸ்ஃபர் பேப்பரில் அச்சடித்து, துணிமேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, பேப்பரை உரித்தால் படம் துணியில் ஒட்டிக்கொள்ளும். அவளுடைய அண்ணன் லாரி டிரைவர், சர்க்கரை நோயாளி. காலில் புண். "ஊசியை நிறுத்தினா விரலை எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்த அண்ணன் ஒருநாள் மகானை மார்பில் சுமந்துகொண்டு வந்து நின்றான்.

"ஊசி போட்டியா அண்ணே?"

"இனிமே எதுக்கு? அருளும் ஊசியும் ஒரே உடம்புல இருக்கக் கூடாதுன்னு மகான் சொல்லிட்டார்."

அவள் குனிந்தாள். புண்ணைப் பார்த்தாள். ஓரம் கறுத்திருந்தது.

"பனியனுக்கு விதிமுறை வேற இருக்கு," என்றான் அவன் பெருமையாக. "சுத்தமான வெள்ளை. பருத்தி மட்டும்."

"ஒரு நாளைக்குத் துவைக்கக் கூடாது," என்றாள் அவள்.

"ஆமா. அப்புறம் துவைச்சாலும்..."

"உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைக்கணும். படத்து மேல இஸ்திரி போடக் கூடாது. கறுப்புத் துணி ஆகவே ஆகாது."

அண்ணன் வாயைப் பிளந்தான். "நீதான் அங்க வரவே இல்லையே! உனக்கெப்படித் தெரியும்?"

"நான் தினமும் செய்யற தவம் அண்ணே அது! கறுப்புல அந்தப் பேப்பர் படம் தெரியாது, அவ்வளவுதான்."

"போடி! உனக்கு எல்லாத்துலயும் குதர்க்கம்." கோபித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய்விட்டான்.

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. அன்று சாயங்காலமே அவளும் வரிசையில் நின்றாள். கையில் வெள்ளைச் சட்டை. பார்த்தால் பருத்தி, உண்மையில் நைலான். சூடு பட்டால் உருகிவிடும். சீடர் தடவிக்கூடப் பார்க்காமல் குவியலில் போட்டார். அருளுக்குத்தான் அவசரமாயிற்றே!

மறுநாள் காலை கூடம் நிரம்பி வழிந்தது. அண்ணன் முன்வரிசையில். மகான் மைக்கைப் பிடித்தார். முகம் சிவந்திருந்தது.

"பக்தகோடிகளே! உங்களுள் ஒரு பாவி இருக்கிறாள்! என் பார்வையின் அக்கினி அவள் சட்டையைச் சுட்டுவிட்டது. பாருங்கள்!"

சட்டையை உயர்த்திக் காட்டினார். கூட்டம் எதையும் நம்பும் என்று நம்பினாரே, அதுதான் மகானிடம் இருந்த ஒரே மூடநம்பிக்கை.

"ஐயோ!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது கூட்டம். தையல்காரம்மா எழுந்து மேடைக்குப் போனாள்.

"அந்தப் பாவி நான்தான் சாமி. ஒரு சந்தேகம். உங்க பார்வைக்கு மூக்கு கூர்மையா, பின்பக்கம் அகலமா இருக்கே? நடுவுல வரிசையா ஓட்டை வேற!"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உருகிய பள்ளம் படகு வடிவில் இருந்தது. பைக்குள்ளிருந்து, அடியில் ஆவி ஓட்டைகள் வைத்த தன் இஸ்திரிப் பெட்டியை எடுத்து அதன்மேல் வைத்தாள். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது! பின்னாலிருந்து ஒருத்தர் சிரித்தார். சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"நாத்திகச் சூழ்ச்சி! இது நாத்தி..." என்று கத்திய மகானின் குரல் பாதியில் நின்றது. மைக் வயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியைச் செருகியிருந்தாள்.

"அண்ணே, உன் தோள்ல கிடக்கிற துண்டைக் குடு."

வெள்ளைப் பருத்தித் துண்டு. வீட்டிலேயே அச்சடித்துக் கொண்டுவந்திருந்த பேப்பரைக் கவிழ்த்தாள், பெட்டியை அழுத்தினாள், உரித்தாள். பல்லைக் காட்டிச் சிரித்தது ஒரு கழுதை! ஒளிவட்டம்கூட இருந்தது.

கூடமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கிப் பார்த்தால் மேடையில் மகானைக் காணோம். அந்தத் தொந்தியோடு அந்தச் சின்ன ஜன்னல் வழியாக எப்படிப் போனார்? அவர் செய்த உண்மையான அற்புதம் அது ஒன்றுதான்!

அண்ணன் கழுதையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பனியனைக் கழற்றி மூலையில் வீசினான்.

"டாக்டர் இப்ப இருப்பாராம்மா?"

"இருப்பார். வா, விரல் இன்னும் நம்மகிட்டதான் இருக்கு," என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணனைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பெரிய கூட்டம் வழிமறித்தது. எல்லார் கையிலும் வெள்ளை பனியன்.

"அம்மா, தாயே!" முன்னால் நின்றவர் கும்பிட்டார். "எனக்கும் ஒரு கழுதை போட்டுக் குடுங்க. மூட்டுவலி போகுமில்ல?"

தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயா, சுருக்கத்தைத் தேய்க்க வேண்டியது துணியில! மூளையில இருக்கிற மடிப்பையும் கொண்டுபோய் எவன்கிட்டயாவது தேய்க்கக் குடுத்துட்டா, அப்புறம் எதை வச்சு யோசிப்பீங்க?"